200 மில்லிவாட் விஸ்பர் டப்பா: எட்டு மாசம் ஓட்டிப் பாத்ததுல தெரிஞ்சது

மொதல்லயே சொல்லிடறேன், இது பேசறதுக்கான ரேடியோ இல்ல, விஸ்பர்ங்கற மொறைல சிக்னல் மட்டும் அனுப்பற, நாமளே சால்டர் பண்ணிக்கற ஒரு கிட். மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது, ரிசீவரே கிடையாது. சோப்பு டப்பா சைஸ்ல ஒரு பெட்டி, ரெண்டு பட்டன், ரெண்டு வரி டிஸ்ப்ளே, ஜிபிஎஸ்ஸுக்கு ஒரு வயர், பின்னாடி ஆன்டெனா மாட்ட ஒரு பிஎன்சி சாக்கெட், அவ்ளோதான். போன் சார்ஜர்ல சொருகிட்டா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ என் கால் சைன் (லைசன்ஸோட வர்ற அடையாளப் பேர்), என் கிரிட் (நான் இருக்கற மேப் கட்டத்தோட கோட்), என்ன பவர்ல அனுப்பறேன்ங்கற மூணு விஷயத்த மட்டும் வானத்துல விட்டுட்டு மறுபடி கம்முனு உக்காந்துக்கும். யார் யாருக்கு கேட்டுதுன்னு தெரிஞ்சுக்க நான் இன்டர்நெட்லதான் போய் பாக்கணும். இதப் பாத்துட்டு என் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர் ஒருத்தர், "பேச முடியாத ரேடியோவ வெச்சுட்டு என்னய்யா பண்ற"ன்னு கேட்டார். அவருக்கு அப்போ பதில் சொல்லத் தெரியல, எட்டு மாசம் கழிச்சு இப்போ தெரியுது, அதான் இந்த ரிவ்யூ.

கம்பெனி பேர் சொல்லப் போறதில்ல, ஏன்னா கீழ ரெண்டு மூணு இடத்துல திட்டப் போறேன். இதே டிசைன்ல நெறய பேர் விக்கறாங்க, உள்ள இருக்கறது எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எஸ்ஐ5351ன்னு ஒரு சிப் ஃப்ரீக்வென்சிய உருவாக்கும், ரெண்டு பிஎஸ்170 மாஸ்ஃபெட் அத 200 மில்லிவாட்டுக்கு ஏத்தும், அப்பறம் ஒரு லோ பாஸ் ஃபில்டர். பேண்ட் (அலைவரிசை) மாத்தணும்னா ஃபில்டர் போர்ட கழட்டி வேற சொருகணும். நான் 40 மீட்டர், 20 மீட்டர், 10 மீட்டர் (அதாவது 7, 14, 28 மெகாஹெர்ட்ஸ்) மூணும் வாங்கினேன்.

விஸ்பர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. 2008ல ஜோ டெய்லர், கே1ஜேடி, கொண்டு வந்த முறை இது. அவர் ஹாம் மட்டும் இல்ல, இன்னொரு நட்சத்திரத்தோட ஜோடியா சுத்தற ஒரு பல்சர (துடிப்பு துடிப்பா ரேடியோ அலை அனுப்பற நட்சத்திரம்) கண்டுபிடிச்சதுக்காக ரஸ்ஸல் ஹல்ஸோட சேந்து 1993ல பிசிக்ஸ் நோபல் வாங்கினவர், பல்சர் தேடறதும் இரைச்சலுக்குள்ள முங்கிக் கெடக்கற மெல்லிசான சிக்னலத் தேடற வேலதானே, அந்தக் கைதான் இங்கயும் தெரியுது. மொத்த மெசேஜே 50 பிட். அத பிழை திருத்தற கோட் போட்டு 162 சிம்பலா நீட்டி, நாலே நாலு டோன்ல, ரெண்டு டோனுக்கு நடுவுல ஒன்றரை ஹெர்ட்ஸ் கூட இல்லாம, 110.6 செகண்ட் இழுத்து இழுத்து அனுப்புது. செகண்டுக்கு அர பிட் கூட வரல பாருங்க. மொத்த அகலம் 6 ஹெர்ட்ஸ். இவ்ளோ ஒடுக்கமா, இவ்ளோ மெதுவா போறதாலதான் 2500 ஹெர்ட்ஸ் அகலத்துல அளந்தா மைனஸ் 28 டிபி வரைக்கும் படிக்க முடியுது, அதாவது அந்த அகலத்துல இருக்கற இரைச்சல் சிக்னல விட 600 மடங்கு இருந்தாலும் கம்ப்யூட்டர் பிரிச்சு எடுத்துடும். காதுக்கு அங்க ஒண்ணுமே கேக்காது, நான் பக்கத்து ரூம்ல ரிசீவர் வெச்சு கேட்டுப் பாத்ததுல கூட ஒரே ஊஊஊன்னு ஒரு விசில்தான், டோன் மாறறதே தெரியல.

சரி, கிட்டுக்கு வருவோம். சால்டரிங் ஒரு சாயங்கால வேல. எஸ்ஐ5351 சிப்ப அவங்களே ஒட்டிக் குடுத்துட்டாங்க, அதுக்கு ஒரு கும்புடு, என் கண்ணுக்கு அதெல்லாம் இனி ஆகாது. டொராய்டு சுத்தறதுதான் மெனக்கெடல். மஞ்ச கலர் வளையம், அதுல இத்தன சுத்துன்னு போட்டிருக்கும், வயர் ஒரு தடவ ஓட்டைக்குள்ள நுழஞ்சாலே ஒரு சுத்துதான், இது தெரிஞ்சும் நான் வெளிப்பக்கம் தெரியறத எண்ணி ஒரு சுத்து தப்பா விட்டேன், ஒரு வளையம் இல்ல மூணுலயும். பவர் கம்மியா வந்தப்பதான் பிரிச்சு பாத்தேன். இது என் தப்பு, கிட்டோட தப்பு இல்ல. ஆனா மேனுவல்னு ஒண்ணு குடுத்திருக்காங்க பாருங்க, அது யாரோ அவசரத்துல எழுதி யாரும் படிக்காம அச்சடிச்ச மாதிரி இருக்கு, போர்டுல சி9ன்னு இருக்கறது பேப்பர்ல சி11, படம் பழைய வெர்ஷன் படம்.

பெரிய கோவம் வந்தது மொத ரெண்டு நாள். எல்லாம் மாட்டி, 20 மீட்டர்ல விட்டேன். டிஸ்ப்ளேல டிரான்ஸ்மிட்னு வருது, பவர் போகுது, இன்டர்நெட்ல என் கால் சைன் தேடினா ஒரு ஸ்பாட் (எனக்கு கேட்டுதுன்னு யாராவது போடற பதிவு) கூட இல்ல. ஒரு ராத்திரி முழுக்க பூஜ்யம். ஆன்டெனாவ செக் பண்ணேன், கேபிள மாத்தினேன், ஃபில்டர மறுபடி சால்டர் பண்ணேன். விஷயம் என்னன்னா, 20 மீட்டர்ல விஸ்பருக்குன்னு இருக்கற ஜன்னல் 14.0970ல இருந்து 14.0972 வரைக்கும், வெறும் 200 ஹெர்ட்ஸ். உலகம் பூரா கேக்கறவங்க அந்த 200 ஹெர்ட்ஸ மட்டும்தான் கேக்கறாங்க. ஃப்ரீக்வென்சிக்கு அளவுகோலா இவங்க போட்ட 25 மெகாஹெர்ட்ஸ் க்ரிஸ்டல் பத்து லட்சத்துல 20 பங்கு தள்ளி இருந்தா போதும், 14 மெகாஹெர்ட்ஸ்ல அது 280 ஹெர்ட்ஸ், நான் கதவுக்கு வெளிய நின்னு கத்திட்டு இருந்திருக்கேன். ஜிபிஎஸ் செகண்டுக்கு ஒரு துடிப்பு குடுக்குமில்ல, அத வெச்சு க்ரிஸ்டலோட தப்ப தானா சரி பண்ணிக்கற வசதி இதுலயே இருக்கு, ஆனா ஃபேக்டரில இருந்து வரும்போதே ஆஃப்ல வருது! மெனுல அஞ்சாவது பக்கத்துல ஒரு வரி, ஆன் பண்ணேன், அடுத்த டிரான்ஸ்மிஷன்ல நாலு ஸ்பாட். தூரமா இருந்தது 2,300 கிலோமீட்டர். அந்த நாலு வரியப் பாத்தப்ப வந்த சந்தோஷத்துல திட்ட மறந்துட்டேன், இப்பதான் ஞாபகம் வந்து திட்டறேன்.

ஜிபிஎஸ் இன்னொரு வேலையும் பண்ணுது, டைம். ரெட்டப்பட நிமிஷம் ஒண்ணு ஆரம்பிச்சு ஒரு செகண்ட் கழிச்சு அனுப்ப ஆரம்பிக்கணும், ரெண்டு செகண்டுக்கு மேல தவறினா படிக்க மாட்டாங்க. இதுல குறை சொல்ல எதுவும் இல்ல, ஒரு நாள் கூட பிசகல.

அடுத்தது ட்ரிஃப்ட். இதுலதான் எனக்கு ஒரு மாசம் போச்சு, ஆனா போனதுக்கு வருத்தமில்ல. ஸ்பாட் ஒவ்வொண்ணுலயும் சிக்னல் அளவுக்கு பக்கத்துல ட்ரிஃப்ட்னு ஒரு கட்டம் வரும், அனுப்பும்போது ஃப்ரீக்வென்சி நிமிஷத்துக்கு எத்தன ஹெர்ட்ஸ் நகந்துச்சுன்னு. பூஜ்யமா இருக்கணும். எனக்கு காலைல 0, 0, மைனஸ் 1னு வரும், சாயங்காலம் நாலு மணிக்கு மேல மைனஸ் 2, மைனஸ் 3, அப்பறம் ஸ்பாட்டே குறஞ்சுடும், இருட்டினா மறுபடி சரியாயிடும். நான் என்ன நெனச்சேன்னா ஆஹா அயனோஸ்பியர் (ரேடியோ அலைய திருப்பி அனுப்பற மேல் வளிமண்டலம்) சாயங்காலம் ஏதோ பண்ணுது, அது நகர்றதால வர்ற டாப்ளர், கண்டுபிடிச்சுட்டோம்னு! நோட்ல எழுதி கூட வெச்சேன். ஒரு ஞாயித்துக்கெழம அந்த நேரத்துல ரூமுக்குள்ள போனா, டப்பா மேல ஜன்னல் வெயில் நேரா அடிச்சிட்டு இருக்கு. அயனோஸ்பியராவது ஒண்ணாவது.

கணக்கு போட்டுப் பாத்தா புரியும். ஒன்றரை ஹெர்ட்ஸ் இடைவெளில டோன் போற எடத்துல, ரெண்டு நிமிஷத்துல பத்து லட்சத்துல 0.2 பங்கு நகந்தாலே கிட்டத்தட்ட 3 ஹெர்ட்ஸ். 10 மீட்டர் பேண்ட்ல அதே சூட்டுக்கு ரெட்டிப்பு. அதுக்கு மேல இந்த டிசைன் போட்ட புண்ணியவான் க்ரிஸ்டல கொண்டு போய் சூடாகற மாஸ்ஃபெட்டுக்கு பக்கத்துலயே வெச்சிருக்கார், அதனால வெயில் இல்லன்னாலும் ஒவ்வொரு தடவ அனுப்ப ஆரம்பிக்கும்போதும் போர்டு சூடாகி லேசா இழுக்குது. ஜிபிஎஸ் திருத்தறது அனுப்பறதுக்கு முன்னாடி மட்டும்தான், நடுவுல தொடாது. நான் மொதல்ல தெர்மாகோல் பெட்டிக்குள்ள வெச்சுப் பாத்தேன், வெயில் பிரச்சன போச்சு, உள்சூடு போகல. கடைசில க்ரிஸ்டல எடுத்துட்டு அந்த எடத்துல டெம்பரேச்சருக்கு ஈடுகட்டற டிசிஎக்ஸ்ஓ ஒண்ணு போட்டேன், அன்னைலேந்து ட்ரிஃப்ட் கட்டம் பூரா பூஜ்யம். இத அவங்களே போட்டு வித்திருக்கலாம்.

பவர் விஷயத்துலயும் பெட்டி மேல எழுதினத நம்பாதீங்க. 50 ஓம் டம்மி லோட் (ஆன்டெனாவுக்கு பதிலா மாட்டற ரெசிஸ்டர்) போட்டு ஆசிலோஸ்கோப்ல பாத்தேன். 20 மீட்டர்ல உச்சிலேந்து உச்சிக்கு 9 வோல்ட், அப்படின்னா 200 மில்லிவாட், சொன்னபடி இருக்கு. 10 மீட்டர்ல 6 வோல்ட்தான், 90 மில்லிவாட். ஆனா டப்பா எந்த பேண்ட்லயும் 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட்னே மெசேஜ்ல சொல்லிட்டு இருக்கும், நாமதான் மெனுல போய் 20னு மாத்தணும். இது சின்ன விஷயம் இல்ல, ஏன்னா அந்த நம்பர வெச்சுத்தான் மத்தவங்க கணக்கு போடறாங்க, பொய் பவர் போட்டா அவங்க ஆராய்ச்சியும் சேந்து கெடும்.

இப்போ அந்த நண்பர் கேட்ட கேள்விக்கு வரேன். என்னத்துக்கு இது?

நான் பல வருஷமா 40 மீட்டர்ல பேசிட்டு இருக்கேன், ராத்திரியானா தூரம் எடுக்கும், பகல்ல பக்கத்துல எடுக்கும்னு வாய்ப்பாடு மாதிரி தெரியும். ஆனா அது எப்படி மாறுதுன்னு இத ஓட்டினப்பறம்தான் பாத்தேன். ஒரே நாள் ஸ்பாட்ட நேரப்படி அடுக்கினா, மத்தியானம் எல்லாம் 300, 500, 800 கிலோமீட்டர்காரங்க. அயனோஸ்பியரோட கீழ் அடுக்கான டி லேயர் பகல்ல கீழ் ஃப்ரீக்வென்சிகள குடிச்சிடும், அதனால சாய்வா நீளமா போற சிக்னல் தப்பிக்காது, செங்குத்தா ஏறி எறங்கறது மட்டும் பொழைக்கும். சூரியன் எறங்கினதும் டி லேயர் கரையுது, கொஞ்ச நேரத்துலயே 2,000, 3,000ன்னு பேர்கள் வர ஆரம்பிக்குது, பக்கத்துக்காரங்களும் இருக்காங்க, அந்த ஒரு மணி நேரம் லிஸ்ட் நெரம்பி வழியும். அப்பறம் ராத்திரி ஏற ஏற ஒரு வேடிக்க, பக்கத்துக்காரங்க ஒருத்தர் ஒருத்தரா கழண்டுக்கறாங்க. மொதல்ல 300 போச்சு, அப்பறம் 500, நடு ராத்திரிக்கு மேல ஆயிரத்துக்குள்ள யாருமே இல்ல. மேல் அடுக்கான எஃப் லேயர் வலு கொறஞ்சு செங்குத்தா வர 7 மெகாஹெர்ட்ஸ திருப்பி அனுப்ப முடியாம மேலயே விட்டுடுது, ஸ்கிப் தூரம் (சிக்னல் கேக்காம தாண்டிப் போற எடம்) பெருசாகிட்டே போகுது. படத்துல நூறு தடவ பாத்த விஷயம்தான், ஆனா என் டப்பாவோட 200 மில்லிவாட்ல, எனக்குத் தெரிஞ்ச கால் சைன்கள் வரிசையா காணாமப் போறதப் பாக்கும்போது வேற மாதிரி ஏறுது மண்டைல.

இதுல முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது, இது ஸ்கேல் மாதிரி. ஒரே பவர், ஒரே ஆன்டெனா, நாளைக்கு 144 தடவ, மனுஷன் மூடு மாறாம. நாம மைக் புடிச்சு பேசும்போது கண்டிஷன் நல்லாருக்கா இல்லயான்னு சொல்றதுல பாதி அன்னைக்கு யார் இருந்தாங்கங்கறதுதான். இதுல அப்படி இல்ல. இன்னொண்ணு, 200 மில்லிவாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வித்தியாசம் 27 டிபி. யாரோ என்ன மைனஸ் 18ல கேட்டாங்கன்னா 100 வாட்ல போனா அது ப்ளஸ் 9, எஸ்எஸ்பில, அதாவது குரல்ல பேசலாம். மைனஸ் 27ன்னா 100 வாட்லயும் பூஜ்யம்தான், மோர்ஸ்ல போலாம், குரல்ல போராட்டம். இப்பல்லாம் நான் ரேடியோவ ஆன் பண்றதுக்கு முன்னாடி இத ஒரு தடவ பாத்துட்டுதான் பேண்ட் தேர்ந்தெடுக்கறேன்.

நான் இத 2024 மார்ச்ல வாங்கினேன், நேரம் அமைஞ்சது பாருங்க. சோலார் சைக்கிள் 25 (சூரியனோட ஏறி எறங்கற சுழற்சி) உச்சத்துக்குப் பக்கத்துல இருந்துச்சு, 10 மீட்டர்ல 90 மில்லிவாட்டுக்கு பகல்ல 9,000 கிலோமீட்டர் தாண்டி ஸ்பாட், வாட்டுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர்னு பீத்திக்கலாம். அப்பறம் மே 10, 11ல வந்தது அந்த ஜி5 புயல் (சூரியனால வர்ற காந்தப் புயல்ல உச்ச அளவு), 2003 அக்டோபருக்கப்பறம் அந்த அளவுல அதுதான் மொத தடவ. துருவத்துப் பக்கமா போற பாதைகள் மொதல்ல செத்துது. அந்தப் பக்கம் சிக்னல் வந்தாலும் நடுங்கிப் போய் டோனெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும், விஸ்பர் மாதிரி ஒடுக்கமான ஆளுக்கு அது எமன். வழக்கமா நூத்துக்கணக்குல வர்ற ஸ்பாட் ஒரு கைல எண்ற அளவுக்கு வந்துச்சு, பழைய நெலமைக்கு வர சில நாள் ஆச்சு.

இன்னொரு மத்தியானம் திடீர்னு சுத்தமா பூஜ்யம். வயர் அந்து போச்சுன்னு நெனச்சு ஏணி போட்டு மேல ஏறி, வெயில்ல நின்னு ஒவ்வொரு ஜாயின்ட்டா இழுத்துப் பாத்துட்டு எறங்கி வந்து பாத்தா மூணு ஸ்பாட் வந்திருக்கு. எக்ஸ் க்ளாஸ் ஃப்ளேர், அதாவது சூரியன்ல ஒரு பெரிய வெடிப்பு. சூரியன்லேந்து வந்த எக்ஸ் ரே டி லேயர திடீர்னு கெட்டியாக்கிடுது, வெயில் படற பக்கம் முழுக்க ஷார்ட்வேவ் அமுங்கிப் போகும், மேல் பேண்ட் மொதல்ல திரும்பும், கீழ் பேண்ட் கடைசியா. ஏணிய எடுக்கறதுக்கு முன்னாடி சோலார் டேட்டா பாக்கணும்னு அன்னைக்குதான் கத்துக்கிட்டேன்.

இந்த ஸ்பாட் எல்லாம் நம்ம சந்தோஷத்துக்கு மட்டும் இல்ல. 2017 ஆகஸ்ட் 21 சூரிய கிரகணத்தப்ப ஹாம்சைன்னு ஹாம்களும் விஞ்ஞானிகளும் சேந்த குழு இந்த மாதிரி தானா பதிவாகற டேட்டாவ எடுத்து நெழல் போன பாதைல அயனோஸ்பியர் என்ன ஆச்சுன்னு பாத்தாங்க. யாரோ ஒருத்தர் வீட்டு மூலைல சும்மா ஓடிட்டு இருந்த டப்பாவும் அதுல ஒரு புள்ளி.

ஆனா ஏமாறக் கூடாத எடங்களும் இருக்கு. மேப்ல பாத்தா ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் கோடு கோடா நெரம்பியிருக்கும், ஆப்பிரிக்காவும் கடலும் காலியா கெடக்கும், ஒடனே அந்தப் பக்கம் பேண்ட் மூடியிருக்குன்னு சொல்லிடக் கூடாது, அங்க கேக்க ஆள் கம்மி, அவ்ளோதான். ஒருத்தர் மைனஸ் 10ன்னு சொல்றார் இன்னொருத்தர் மைனஸ் 24ன்னு சொல்றார்னா அதுல அவங்க வீட்டு எல்ஈடி பல்ப் இரைச்சலும் அடக்கம். அதனால ஒரே ரிசீவர ரெண்டு வேற நேரத்துல ஒப்பிடுங்க, ரெண்டு ரிசீவர ஒப்பிடாதீங்க. அப்பறம் ஒத்த ஸ்பாட்ட நம்பவே நம்பாதீங்க, அப்பப்போ டீகோடரே இல்லாத கால் சைன கற்பன பண்ணி எழுதிடும், பத்து நிமிஷ இடைவெளில அதே ஆள் கிட்டயே 10 டிபி ஏறி எறங்கறதும் சகஜம்.

அந்த 10 டிபி ஏத்த எறக்கத்துலதான் என் ஆன்டெனா டெஸ்ட் படுத்துச்சு. படுக்க கட்டின டைபோல் ஆன்டெனா நல்லதா, நிக்க வெச்ச வெர்டிகல் நல்லதான்னு பாக்க ரிலே வெச்சு மாத்தி மாத்தி ஒரு வாரம் அனுப்பினேன். நடு மதிப்பு எடுத்துப் பாத்தா பக்கத்துக்கு டைபோல், 5,000 கிலோமீட்டர் தாண்டினா வெர்டிகல் ரெண்டு மூணு டிபி மேலன்னு வருது, ஆனா ஃபேடிங் அதுக்கு மேல ஆடறதால சத்தியம் பண்ண மாட்டேன். ரெண்டையும் ஒரே ரெண்டு நிமிஷ ஸ்லாட்ல அனுப்பினாதான் நியாயமான ஒப்பீடு.

யாருக்கு இது? லைசன்ஸும் கால் சைனும் கண்டிப்பா வேணும், ஆள் இல்லாம தானா அனுப்பறதுக்கு நாட்டுக்கு நாடு விதி வேற, அத மொதல்ல பாத்துக்கோங்க. பேசணும், காண்டாக்ட் எடுக்கணும்னு இருக்கறவங்க வாங்காதீங்க, ரெண்டே நாள்ல டிராயருக்குள்ள போயிடும், அதுக்கு ரெண்டு பக்கமும் பதில் அனுப்பிக்கற எஃப்டி8ங்கற முறை இருக்கு. ஒரு மாசமாவது கை வெக்காம ஓட விடற பொறுமை இருந்தா வாங்கலாம். மேனுவலுக்காகவும் க்ரிஸ்டல வெச்ச எடத்துக்காகவும் அஞ்சுக்கு மூணரை.

ஆமா, அந்த நண்பர். பேச முடியாத ரேடியோன்னு சொன்னவர் போன வாரம் இதே கிட்ட ஆர்டர் பண்ணிட்டார். வந்ததும் அவர் கால் சைன்ல அது டைபோல்ல, என் கால் சைன்ல இது வெர்டிகல்ல, ரெண்டும் ஒரே எடத்துல ஒரே ஸ்லாட்ல. க்ரிஸ்டல கழட்டி டிசிஎக்ஸ்ஓ போட்டப்பறம்தான் டப்பாவ மூடணும்னு சொல்லி வெச்சிருக்கேன், டொராய்டு சுத்து மட்டும் அவரே எண்ணிக்கட்டும்.